பாதையோரத்துப் பண்ணைக் கடை: சிறு வியாபாரிக்கு அது காட்டும் கணக்கு

அவிசாவளையில் ஆரம்பிக்கும் ஏ 7 வீதி கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஏறி நுவரெலியாவில் போய் முடிகிறது. கண்டியிலிருந்து வரும் ஏ 5 வீதி கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாக அதே நுவரெலியாவுக்கு ஏறி, ஹக்கலை, கெப்பெட்டிபொலை, வெலிமடை என்று பதுளைப் பக்கம் இறங்குகிறது. இந்த இரண்டு வீதிகளிலும் போய்வருகிற எவரும் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. தகரக் கூரை அல்லது நீலத் தறப்பாள் ஒன்று. அதன் கீழே இலையோடு கட்டிய கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, முள்ளங்கி. ஒரு மூலையில் அட்டைத் தட்டுகளில் முட்டை. பக்கத்தில் வெண்ணெய்ப்பழமோ பேரிக்காயோ ஸ்ட்ரோபரிப் பெட்டியோ இருக்கும்.

நமது வியாபாரிகள் பலர் இந்தக் கடைகளைப் பார்த்தவுடன் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒருவர், "இதில் என்ன கிடைக்கப் போகிறது, ஏழைகளின் பிழைப்பு" என்பார். இன்னொருவர், "இடைத்தரகர் இல்லை, எல்லாம் இலாபம்தான், நாமும் ஒன்று போடலாமே" என்பார். இரண்டும் கணக்குப் பார்க்காமல் சொல்லும் பேச்சு. அண்மையில் இப்படியான ஒரு கடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும், இந்த வியாபாரம் நடக்கும் முறையையும் இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இது புதிய தொழில் அல்ல

மலையகம் என்றால் தேயிலை என்று நினைக்கிறோம். ஆனால் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிடுவதற்கு முன்பே நுவரெலியாவில் பண்ணை இருந்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் அங்கே நிலம் திருத்தி, ஐரோப்பிய மரக்கறியும் மாடுகளும் கொண்ட ஒரு குடியேற்றத்தை உண்டாக்கினார். இன்று நாடு முழுவதும் சாப்பிடுகிற மலைநாட்டு மரக்கறி அந்தக் குளிர் மண்ணில் வேர்விட்டதற்குப் பின்னால் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

பண்ணைப் பொருளைப் பயணிக்கு நேரே விற்பதைப் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. லபுக்கலையில் வீதியோரத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டி, தேநீர் கொடுத்து, வெளியே வரும் வழியில் தேயிலைப் பக்கற்றை விற்கிறார்கள். முன்பு மெக்வுட்ஸ் என்றிருந்த அந்த இடம் இப்போது டம்ரோ என்ற பெயரில் நடக்கிறது. அரசாங்கத்திடமிருந்த அம்பேவெலப் பண்ணை 2001இல் லங்கா மில்க் ஃபூட்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கே போகிற குடும்பங்கள் மாடுகளைப் பார்த்துவிட்டு, பாலும் யோகட்டும் சீஸும் வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. தறப்பாள் கடைக்கும் இவற்றுக்கும் அளவில்தான் வித்தியாசம். பொருள் விளைகிற இடத்தை வாங்குபவனின் கண்ணுக்குக் காட்டி விற்பதுதான் மூன்று இடத்திலும் நடக்கிறது.

கடையில் கண்டது

நான் நின்ற கடை லிந்துலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில், ஒரு வளைவு முடிந்து வீதி நேராகும் இடத்தில் இருக்கிறது. நடத்துபவர் தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். வீட்டில் ஐம்பது, அறுபது முட்டைக் கோழிகள் வளர்க்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் சிறு மரக்கறித் தோட்டமும் உண்டு. போதாத பொருளை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் காலையில் எடுக்கிறார்.

"லொறிக்காரருக்கே எல்லாத்தையும் குடுத்துட்டா வேலை லேசுதானே தங்கச்சி, ஏன் இந்தக் குளிர்ல நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நானா, லொறி வந்தா அவங்க சொல்றதுதான் விலை. மழை பேஞ்சா அதுவும் இல்ல. இங்க நான் ஒரு விலை சொல்றேன். சனம் புடிச்சா வாங்குது, இல்லாட்டி போகுது. ஆனா விலைய சொல்றது நான்தானே," என்றார்.

இந்தப் பதிலில் இந்த வியாபாரத்தின் அடிப்படையே இருக்கிறது. விலையைச் சொல்லும் உரிமைக்காகத்தான் அவர் குளிரில் நிற்கிறார். அந்த உரிமைக்கு அவர் கொடுக்கும் கூலி எவ்வளவு என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் சிறியதாக ஒரு எண். அது கோழி இட்ட திகதி. கீறல் விழுந்த முட்டைகள் தட்டில் இல்லை. அவற்றைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு, அன்றைக்கே பாதி விலைக்கு அயலவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "கொழும்புக்காரங்க வீட்டுக்குப் போயி உடைச்சி, கெட்டுப் போயிருந்தா திருப்பிக் கொண்டாரவா போறாங்க? ஏசிட்டு, அடுத்த முறை நிக்காம போயிருவாங்க," என்றார். எந்தப் பாடசாலையிலும் வியாபாரம் படிக்காதவர் சொன்ன வார்த்தை இது.

கரட் கணக்கு

மலைநாட்டு மரக்கறி கொழும்புக் குடும்பத்தின் சட்டிக்குப் போவதற்குள் பல கைகள் மாறுகிறது. தோட்டத்தில் சேகரிப்பவர், நுவரெலியா, கெப்பெட்டிபொலை அல்லது தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மொத்த வியாபாரி, லொறி, பேலியகொடை மெனிங் சந்தை, பிறகு சில்லறைக் கடை. ஏற்றி இறக்கும் கூலி, தரகு, வாகனச் செலவு, மூடையில் நசுங்கி அழுகுவது எல்லாம் விலையில் சேர்கின்றன. அறுவடைக்குப் பின் வீணாகும் மரக்கறி, பழங்களின் அளவு நம் நாட்டில் 30 முதல் 40 வீதம் வரை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் பாதையோரத்தில் விற்றால் இவ்வளவும் மிச்சம்" என்று தோன்றும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் ஊரின் அன்றைய விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

தோட்டத்தில் நின்று சேகரிப்பவருக்குக் கொடுத்தால் கரட் கிலோ 100 ரூபா. 100 கிலோவுக்கு 10,000 ரூபா அன்றைக்கே கையில் கிடைக்கும். அதையே பாதையோரத்தில் 170 ரூபாவுக்கு விற்கிறோம். 100 கிலோ விற்க இரண்டு நாட்கள் போகின்றன. அதில் 70 கிலோ நல்ல விலைக்குப் போகிறது, 11,900 ரூபா. வாடிய 20 கிலோவை மாலையில் 80 ரூபாவுக்குத் தள்ளுகிறோம், 1,600 ரூபா. 10 கிலோ மாட்டுக்குத்தான். மொத்தம் 13,500 ரூபா. கடையில் நிற்பவரின் உழைப்பு நாளுக்கு 1,500 என்று வையுங்கள். இரண்டு நாளைக்கு 3,000. பையும் கயிறும் மற்றதும் 300. மிஞ்சுவது 10,200 ரூபா.

லொறிக்குக் கொடுத்திருந்தால் 10,000. இரண்டு நாள் குளிரில் நின்றதற்கு மேலதிகமாகக் கிடைத்தது 200 ரூபா. "இடைத்தரகர் இல்லை, எல்லாம் இலாபம்" என்பவர்கள் மறக்கிற கணக்கு இதுதான். இடைத்தரகரை நீக்கினால் அவர் செய்த வேலை நீங்குவதில்லை. அது நமது தலையில் வந்து விழுகிறது.

அப்படியானால் இந்தக் கடைகள் ஏன் நடக்கின்றன? நிற்கும் ஆளின் கூலி கரட்டுக்கும் அதேதான், முட்டைக்கும் அதேதான். ஒரே ஆள், ஒரே தறப்பாள், ஒரே நாள். அதில் ஐந்தாறு பொருட்கள் விற்றால் 1,500 ரூபா கூலி ஐந்தாறாகப் பிரிந்துவிடும். கரட்டுக்காக நிறுத்திய வாகனம் இரண்டு தட்டு முட்டையும் ஒரு பெட்டி ஸ்ட்ரோபரியும் எடுத்துக்கொண்டால்தான் அந்த நாள் கைகூடும். ஆகவே இந்த வியாபாரத்தின் உயிர் ஒரு பொருளின் விலை வித்தியாசத்தில் இல்லை. ஒரு வாகனம் எத்தனை வகைப் பொருள் எடுக்கிறது என்பதில் இருக்கிறது. பலசரக்குக் கடை நடத்துகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

கடையைத் தாங்குவது முட்டை

அந்த ஐந்தாறு பொருட்களில் முட்டைக்கு ஒரு தனி இடம் உண்டு. மரக்கறி இரண்டு நாளில் வாடும். முட்டை வாடாது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால், கொழும்பில் வெளியில் வைக்கும் முட்டையை விட அங்கே வைக்கும் முட்டை கூடிய நாட்கள் நல்ல நிலையில் இருக்கும். மழையில் வாகனம் வராத நாளிலும் நட்டம் குறைவு.

ஆனால் கோழி வளர்ப்பவர் ஒரு கணக்கை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். முட்டையின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீன்தான். முட்டைக் கோழி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 110 முதல் 120 கிராம் தீன் தின்னும். 115 கிராம் என்று வைத்தால் 100 கோழிக்கு நாளைக்கு 11½ கிலோ. அவை 80 முட்டை இட்டால் ஒரு முட்டைக்கு 144 கிராம் தீன் செலவாகியிருக்கிறது. தீன் கிலோ 180 ரூபா என்று வைத்தால் முட்டையொன்றுக்குத் தீன் செலவு மட்டும் கிட்டத்தட்ட 26 ரூபா. அதே கோழிகள் வயதாலோ நோயாலோ 60 முட்டைதான் இட்டால், தின்பது குறைவதில்லை. முட்டைக்கு 192 கிராம் ஆகிவிடும். தீன் செலவு 34 ரூபாவைத் தாண்டும். விலை மாறாமலே இலாபம் மறைந்துவிடுகிறது.

கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். அதுவரை தின்பது முழுவதும் முதலீடு. 70, 80 வாரங்களுக்குப் பிறகு முட்டை குறையத் தொடங்கும். குளிர்ப் பிரதேசத்தில் உடல் சூட்டைக் காக்கவே கோழி சற்றுக் கூடுதலாகத் தின்னும். பனிக்காலத்தில் கூட்டை முழுக்க மூடினால் எச்சத்தின் காரம் உள்ளே நின்று கோழிக்கு நோய் வரும். காற்றுப் போக மேலே வழி விட வேண்டும். எச்சத்தை மக்க வைத்து மரக்கறிக்குப் போடலாம், அல்லது விற்கலாம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அதே வருடம் நவம்பரில் அது நீக்கப்படும் வரை தோட்டக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குக் கோழி எருவின் பெறுமதி தெரியும்.

முட்டையை அறிந்து விற்க வேண்டும்

பழுப்பு முட்டைக்கு வெள்ளை முட்டையை விடச் சத்து அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள் கருவின் நிறம் தீனைப் பொறுத்தது. சோளமும் பச்சை இலையும் தின்ற கோழியின் கரு கடும் மஞ்சளாக இருக்கும். வாங்குபவர் கேட்டால் இதை உள்ளபடி சொல்ல வேண்டும். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து ஊர்க்கோழி முட்டை என்று விற்கும் ஏமாற்று வேலையும் உலகில் இல்லாமல் இல்லை. தேயிலை விளையும் ஊரில் அது மிக இலகுவான பாவம். அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. நாட்கள் போகப்போக உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிக் காற்று உள்ளே சேர்கிறது. ஆகவேதான் புதிய முட்டை தண்ணீரில் படுத்துக் கிடக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும். மிதக்கும் முட்டையை விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. துளைகளை மூடி இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அழகுக்காக முட்டையைக் கழுவினால் அது போய்விடும். அமெரிக்காவில் கழுவித்தான் விற்கிறார்கள், ஆனால் கழுவியதிலிருந்து குளிரூட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் கடைக்கு வரும் முதல்தர முட்டையைக் கழுவத் தடை இருக்கிறது. குளிரூட்டி இல்லாத பாதையோரக் கடைக்கு ஐரோப்பிய வழிதான் பொருந்தும். கூட்டைச் சுத்தமாக வைத்து, ஒட்டிய அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். குளிர்ந்த முட்டை திடீரென்று சூட்டுக்கு வந்தால் மேலே வியர்வை போல ஈரம் படியும். அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே போகும். முட்டையைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டாமல், அட்டைத் தட்டில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்துக் கொடுக்க வேண்டும். "வீட்டுக்குப் போய் ஈரம் இருந்தால் துடைத்து வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தைக்காகவே அவர் அடுத்த முறையும் நிறுத்துவார்.

2022, 2023 தந்த பாடம்

முட்டை எவ்வளவு பெரிய பிரச்சினையாகும் என்பதை அந்த இரண்டு வருடங்களில் நாடே பார்த்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் சோளமும் தீன் மூலப்பொருட்களும் தாய்க்கோழிகளும் தேவையான அளவு வரவில்லை. முட்டை விலை ஏறியது. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் பழுப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக வர்த்தமானியில் வந்தது. அந்த விலைக்குச் சந்தையில் முட்டை கிடைப்பது அரிதானது. 2023 மார்ச்சில் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனத்தின் மூலம் இந்தியாவிலிருந்து முதல் தொகுதியாக 20 இலட்சம் முட்டைகள் வந்தன. ஆரம்பத்தில் அவை பேக்கரி உற்பத்திக்கென ஒதுக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் உச்ச விலை கிலோக் கணக்கிலும் அறிவிக்கப்பட்டது. வெள்ளை முட்டை கிலோ 880 ரூபா, பழுப்பு 920 ரூபா.

கிலோக் கணக்கு பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நியாயம் அதில்தான் இருக்கிறது. 50 கிராம் முட்டை கிலோவுக்கு 20 பிடிக்கும், 60 கிராம் முட்டை 16 அல்லது 17தான் பிடிக்கும். எண்ணி விற்கும்போது சிறிய முட்டை வாங்கியவர் நட்டப்படுகிறார். குறைந்தபட்சம் பெரியது, சிறியது என்று இரண்டு தட்டாகப் பிரித்து இரண்டு விலை போடுவது நேர்மையான வழி.

இன்னொரு பாடமும் உண்டு. தீனை முழுக்க வெளியிலிருந்து வாங்குபவர் டொலர் ஏறினால் விழுவார். சந்தையில் ஒதுக்கும் மரக்கறி இலை, சமையல் மிச்சம், தோட்டத்துக் கீரை என்று ஒரு பகுதியை உள்ளூரில் தேடிக்கொள்ளும் சிறிய வளர்ப்பாளர் சற்றுத் தாக்குப் பிடிப்பார்.

பெயர்ப் பலகையும் அமானிதமும்

பாதையோரக் கடையின் பலகையில் "எங்கள் தோட்டத்து மரக்கறி" என்று எழுதியிருக்கும். சில இடங்களில் அந்த மரக்கறி பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து அதிகாலை லொறியில் வந்ததாக இருக்கும். வெளியிலிருந்து எடுத்து விற்பது ஹலாலான வியாபாரம்தான். ஆனால் தோட்டத்தில் பறித்தது என்று சொல்லி விற்பது வேறு விஷயம். வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். மழைநாட்டு வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறு இல்லை. வாடியதை மேலே வை, விலையைக் குறை, உள்ளதைச் சொல். நான் பார்த்த பெண் கீறல் முட்டையைத் தனிக் கிண்ணத்தில் போட்டது இந்த வழிதான். அவர் நமது மார்க்கத்தவர் அல்லர். ஆனால் நமக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொரு ஹதீஸும் இந்தத் தொழிலோடு நேரே சம்பந்தப்பட்டது. கிராமத்திலிருந்து சரக்கோடு வருபவர்களைச் சந்தைக்கு வரும் முன்பே வழியில் மறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை தெரியாதவரிடம் குறைத்து வாங்கிவிடக் கூடாது என்பதே காரணம். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. தோட்டத்தில் போய்ச் சரக்கு எடுக்கும் நமது சகோதரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் காலை விலை தெரிகிறது. தெரியாதவருக்கு அதைச் சொல்லிவிட்டு வாங்கினால் இலாபம் சற்றுக் குறையலாம், பரகத் குறையாது.

இடம், பருவம், பாதை

கடை எங்கே இருக்கிறது என்பது பாதி வியாபாரம். மலைக்கு ஏறுபவர்கள் அவித்த சோளமும் தேநீரும் வாங்குவார்கள். மரக்கறியும் முட்டையும் வாங்குவது வீடு திரும்பும்போதுதான். நம் நாட்டில் வாகனம் இடது பக்கம் ஓடுவதால், இறங்குபவர்களின் இடது கைப்பக்கம் இருக்கும் கடைக்கு வியாபாரம் கூட. வளைவிலேயே இருந்தால் சாரதி கண்டவுடன் நிறுத்த முடியாது. வளைவு தாண்டி நூறு மீற்றராவது நேராகத் தெரிய வேண்டும். மூன்று நான்கு வாகனங்கள் வீதியை விட்டு விலகி நிற்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்கு நாமே காரணமாவோம்.

ஏப்ரல் வசந்த காலம், பாடசாலை விடுமுறை, நீண்ட வார இறுதி ஆகியவை நல்ல நாட்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நல்ல மாதத்தின் வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருட வருமானம் என்று எண்ணிவிடக் கூடாது.

பாதையே இல்லாமல் போகும் நாளும் வரும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் காவு கொண்டன. மலைக்கு ஏறும் வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. வாகனம் வராத வீதியில் பாதையோரக் கடைக்கு வாடிக்கையாளர் இல்லை. அப்படியான நாளில் கைகொடுப்பது இரண்டு விஷயம். ஒன்று, பக்கத்து நகரத்து ஹோட்டல், பேக்கரி என்று இரண்டு மூன்று நிரந்தர வாடிக்கையாளர்களுக்கு ஒரு பகுதிச் சரக்கை எப்போதும் கொடுத்து வருவது. மற்றது, வாங்கிப் போனவர்களின் தொலைபேசி இலக்கத்தை அவர்களின் சம்மதத்தோடு குறித்து வைப்பது. 2020இல் ஊரடங்கு நேரத்தில் மரக்கறிப் பொதிகளை வீட்டுக்கு வீடு கொடுத்து எத்தனையோ பேர் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

சட்டப்படி செய்ய வேண்டியவை

வீதிக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் கடை போட்டால் என்றைக்காவது அகற்றச் சொல்வார்கள். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. தோட்டத்து நிலம் கம்பெனியின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் நிலம் யாருடையது என்று பார்த்து, எழுத்தில் அனுமதி எடுத்து, உள்ளூராட்சி சபையில் வியாபார அனுமதி பெற வேண்டும். தராசுக்கு அளவீட்டு அலகுகள் நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையை உரிய காலத்தில் பதிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் காட்ட வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு சூராவே இருக்கும்போது, முத்திரைக்கு அதிகாரி வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் 1999 நவம்பரில் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தைகள் இந்த விஷயத்தில் நல்ல உதாரணம். விவசாயி என்று உறுதிப்படுத்தப்பட்டவருக்கே இடம். தராசு அங்கேயே தரப்படும். அன்றைய விலை பலகையில் எழுதப்படும். மூன்றும் சேர்ந்ததால்தான் மக்கள் நம்பி வந்தார்கள்.

நமது வியாபாரிகள் செய்யக்கூடியது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்கள் தோட்டத்து மக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் செய்து வருபவர்கள். தறப்பாள் கடைக்குப் பக்கத்தில் பெரிய கடை ஒன்று கட்டி அவர்களை எழுப்பிவிடுவது சரியான வழியாக எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் பொருளும் உழைப்பும் இருக்கிறது. நம்மிடம் முதலும் வாடிக்கையும் வாகனமும் இருக்கிறது. இரண்டும் சேர இடமுண்டு.

முட்டைத் தட்டு, கடதாசிப் பை, முத்திரை பதித்த தராசு, கோழித் தீன் ஆகியவற்றை நியாய விலைக்கு அவர்களுக்குக் கொடுக்கலாம். ஐந்தாறு வளர்ப்பாளர்களின் முட்டையைச் சேர்த்து ஹோட்டல்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கும் வேலையைப் பொறுப்பெடுக்கலாம். முற்பணம் கொடுத்து மரக்கறி வாங்க விரும்பினால் மார்க்கம் ஸலம் என்ற ஒப்பந்தத்தை அனுமதித்திருக்கிறது. பொருளின் தரம், நிறை, கொடுக்கும் திகதி மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும், பணம் முழுவதும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். இன்னும் முற்றாத விளைச்சலை வயலோடு குத்துமதிப்பாக வாங்கிவிடுவது அப்படியல்ல. அது நபியவர்கள் தடுத்த விற்பனை. எழுதும் முன் ஊரிலுள்ள உலமா ஒருவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

சொந்தமாகவே ஒரு பண்ணைக் கடை போட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் கட்டடத்துக்குப் பணம் போட வேண்டாம். நினைத்திருக்கும் இடத்தில் ஒரு சனி, ஞாயிறும் ஒரு செவ்வாய், புதனும் காலையிலிருந்து மாலை வரை நின்று, இறங்கும் வாகனங்களை எண்ணுங்கள். பக்கத்துக் கடையில் எத்தனை நிறுத்துகின்றன, ஒவ்வொன்றும் எத்தனை பொருள் எடுக்கிறது என்று குறியுங்கள். மேலே சொன்ன கரட் கணக்கையும் தீன் கணக்கையும் அந்த எண்ணிக்கையோடு சேர்த்துப் போடுங்கள். கூலி, அழுகல், மழைநாள் எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிச்சம் தெரிந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிக்கலாம். தெரியாவிட்டால், அடுத்த பயணத்தில் அந்தத் தறப்பாள் கடையில் நிறுத்தி, பேரம் பேசாமல் ஒரு தட்டு முட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். அதுவும் நல்ல வியாபாரம்தான்.